லியோடார்டுக்கு மேல் ஷார்ட்ஸ் போடலாமா?

உங்கள் 9 வயது மகள் வெறும் லியோடார்டோடு (உடம்போடு ஒட்டிய, கால் மூடாத ஒற்றை உடை) ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குப் போகக் கூச்சப்படுகிறாள், கோச்சோ தொளதொள டி-ஷர்ட்டும் பேன்ட்டும் கூடவே கூடாது என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

டி-ஷர்ட் விஷயத்தில் நான் கோச் கட்சிதான். கையை ஊன்றித் தலைகீழாக நிற்கும்போது சட்டை சரிந்து முகத்தை மூடிவிடும், பின்பக்கமாகப் பல்டி அடிக்கும்போது முதுகில் கை கொடுத்துத் தாங்குகிறவரின் விரல் துணியில் சிக்கினால் இரண்டு பேருக்கும் அடிபடும். முட்டி மடங்குகிறதா, இடுப்பு வளைகிறதா என்று பார்த்துத் திருத்தவும் முடியாது.

ஆனால் ஷார்ட்ஸ் வேறு கதை. உடம்போடு ஒட்டிய, ஜிப், பட்டன், நாடா எதுவும் இல்லாத குட்டி ஷார்ட்ஸை மேலே போட்டால் இந்தச் சிக்கல் ஒன்றும் வராது. கணுக்கால் வரை லெக்கிங்ஸ்கூடச் சரிதான், பாதம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும், பீமில், அதாவது ஏறி நின்று ஆடும் ஒடுக்கமான கட்டையில், சாக்ஸ் வழுக்கும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி பெண்கள் அணியே கணுக்கால் வரை மூடிய உடையில்தான் ஆடியது, சர்வதேச விதி அதை அனுமதிக்கிறது. இதைக் கோச்சிடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம், பாவம், இன்னும் சுருங்கிப்போவாள்.

அப்புறம் தோடு, செயின் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். உச்சந்தலையில் கொண்டையும் வேண்டாம், உருளும்போது குத்தும், இறுக்கிப் பின்னி விட்டாலே போதும்.