சின்னத்திரை கேள்வி–பதில்: ஒரே கூடம், ஒரே நாற்காலி

கே: 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை முழுதாக மறுபடி பார்க்க நேரமில்லை. ஒரே ஒரு எபிசோட் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ப: மூன்றாவது சீசனின் இரண்டாவது எபிசோட், 'தி ஒன் வேர் நோ ஒன்ஸ் ரெடி'. 1996 செப்டம்பர் 26 அன்று என்பிசி சேனலில் ஒளிபரப்பானது. எழுதியவர் ஐரா அங்கர்லைடர், இயக்கியவர் கெயில் மான்குசோ. அருங்காட்சியக விருந்துக்கு, ஆறு நண்பர்களில் ஒருவனான ராஸ் கோட்டும் சூட்டுமாக வந்து நிற்கிறான். மற்ற ஐந்து பேரையும் கிளப்ப வேண்டும், யாரும் கிளம்புவதாக இல்லை. கதை அவ்வளவுதான். பார்க்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டே: ராஸும் ரேச்சலும் அப்போது காதலர்கள்; மானிக்காவும் ரிச்சர்டும் இரண்டாவது சீசன் முடிவில் பிரிந்துவிட்டார்கள்.

கே: கிட்டத்தட்ட முழுக்க மானிக்கா வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறதே, செலவைக் குறைக்கவா?

ப: ஆமாம். புது செட் கிடையாது, விருந்தினர் நடிகர்களும் கிட்டத்தட்ட கிடையாது. ஒரு சீசனில் இப்படி ஒன்று எடுத்தால் மிச்சமாகும் பணம் வேறொரு எபிசோடுக்குப் போகும். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் இந்த வகையை 'பாட்டில் எபிசோட்' என்பார்கள். இங்கே சிக்கனமே கதைக்குக் கைகொடுத்துவிட்டது. 'சற்று நேரம் கழித்து' என்று தாவ இடமில்லாததால், திரையில் ஓடும் நேரமும் ராஸின் கையில் இருக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அவனுடைய பதற்றம் நமக்கும் தொற்றுவது அதனால்தான்.

கே: பலமுறை பார்த்தாயிற்று, வசனமெல்லாம் மனப்பாடம். இனி இதில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

ப: கதையை விட்டுவிட்டு ஒரு பொருளைப் பின்தொடருங்கள். முதலில் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த சேண்ட்லர் குளியலறைக்குப் போன நேரத்தில் ஜோயி உட்கார்ந்துவிடுகிறான். எழுந்துதான் ஆக வேண்டும் என்றானதும், நாற்காலியின் 'சாரமே' மெத்தைதான் என்று அதைத் தூக்கிக்கொண்டு போகிறான். பதிலுக்கு சேண்ட்லர் அவனுடைய உள்ளாடைகளை ஒளித்துவைக்கிறான். வாடகை சூட்டை உள்ளாடை இல்லாமல் போட மனமில்லாத ஜோயி, சேண்ட்லரின் உடைகள் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்துதான் பிறக்கிறது. நடுவில் ஒன்றை உருவினால் அந்தக் கடைசி வருகை வெறும் கோமாளித்தனமாகிவிடும்.

அடுத்த சுற்றில் கொழுப்பு நிரம்பிய கண்ணாடிக் கோப்பையைக் கவனியுங்கள். தொடக்கத்தில் சும்மா ஒரு பந்தயப் பேச்சாக வந்து போகிறது; நாம் மறந்துவிடுகிறோம். எல்லார் முன்னாலும் ரேச்சலை அதட்டிவிட்ட ராஸ், மன்னிப்புக்கு விலையாக அதையே குடிக்கத் துணியும்போதுதான் அது எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்று புரியும். அந்த அதட்டலுக்குப் பிறகு சிரிப்பு அடங்கிப்போவதையும் கேளுங்கள். அதுவரை வேடிக்கையாக இருந்த அவசரம் ஒரே வாக்கியத்தில் கசந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், எபிசோடின் ஆகச் சிறந்த இடம் நாற்காலிச் சண்டையல்ல, இதுதான்.

மூன்றாவது சுற்று ஃபீபிக்கு. முன்கூட்டியே தயாராகி வந்த ஒரே ஆள் அவள்தான், ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது) கறை அவள் உடையில்தான் விழுகிறது.

கே: தொலைபேசியில் மானிக்கா செய்வதெல்லாம் என் மகளுக்குப் புரியவில்லை. எப்படி விளக்குவது?

ப: ஆன்சரிங் மெஷின் என்பது யாரும் போனை எடுக்காதபோது செய்தியைப் பதிவு செய்யும் கருவி. அதில் இரண்டு வகைப் பதிவுகள் உண்டு. ஒன்று, அழைப்பவர்களுக்குக் கேட்கும் வீட்டுக்காரரின் வரவேற்புச் செய்தி. மற்றது, 'பீப்' ஒலிக்குப் பிறகு அவர்கள் விட்டுச்செல்லும் செய்தி. வெளியிலிருந்து தன் எண்ணுக்கே போன் போட்டு, ரகசியக் குறியீட்டு எண்ணை அழுத்தினால் வந்த செய்திகளைக் கேட்கலாம். வரவேற்புச் செய்தியையும் மாற்றலாம்.

மானிக்காவின் மெஷினில் ரிச்சர்டின் குரல் இருக்கிறது, பழையதா புதியதா தெரியவில்லை. அதனால் அவள் அவனுக்குப் போன் போட்டு ஒரு செய்தியை விடுகிறாள். அதில் தான் ரொம்ப இயல்பாக இருப்பதாக வாய்விட்டே சொல்லிவிடுகிறாள், சொன்னதுமே அந்த இயல்பு போய்விடுகிறது. பழகிய நாட்களில் தெரிந்துகொண்ட குறியீடு நினைவிருப்பதால், அவனுடைய மெஷினுக்குள்ளேயே நுழைகிறாள். அங்கே ஒரு பெண் குரல் கேட்டுப் பதறுகிறாள். அது அவனுடைய மகள். பதற்றத்தில் தவறான பதிவு ஓடி, மானிக்காவின் புலம்பலே ரிச்சர்டின் வரவேற்புச் செய்தியாகிவிடுகிறது. இனி அவனை அழைப்பவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிட்டால் மகள் தானாகவே சிரிப்பாள்.

கே: நாற்காலிக்குத் தாவும்போது ஜோயிக்கு நிஜமாகவே அடிபட்டதாமே?

ப: உண்மை. ஜோயியாக நடித்த மேட் லெபிளாங்குக்குத் தோள்மூட்டு விலகி, படப்பிடிப்பு நின்றுபோனது. அடுத்த எபிசோடில் ஜோயி கையைத் தூளியில் தொங்கவிட்டபடி வருவதற்கும், படுக்கையில் குதித்து விழுந்ததாகக் கதையில் ஒரு காரணம் சொல்லப்படுவதற்கும் பின்னணி இதுதான். படப்பிடிப்புக்கு முன் ஆறு பேரும் வட்டமாகக் கைகோத்து நிற்பது வழக்கம். அந்த இரவு மட்டும் அது விட்டுப்போயிருந்தது. 2021இல் நடிகர்கள் மீண்டும் கூடிய சந்திப்பு நிகழ்ச்சியில் அந்த விபத்துக் காட்சியைக் காட்டினார்கள்.

கே: எனக்கு நினைவிருக்கும் சில வரிகள் இப்போது ஆன்லைனில் காணோம். படமும் அகலமாக இருக்கிறது. எது அசல்?

ப: இரண்டு தனித்தனி விஷயங்கள். அமெரிக்காவில் வெளியான டிவிடித் தொகுப்புகளில் கூடுதல் காட்சிகள் சேர்க்கப்பட்டிருந்தன. 2012இல் வந்த புளூ-ரேயிலும், ஸ்ட்ரீமிங்கிலும் இருப்பது ஒளிபரப்பான வடிவம். ஆகவே முதன்முதலில் டிவிடியில் பார்த்தவர்களுக்குத்தான் வரிகள் குறைந்ததாகத் தோன்றும். சேனல்களின் மறு ஒளிபரப்பில் விளம்பரத்துக்காக இன்னும் கொஞ்சம் வெட்டுவதும் உண்டு.

அகலம் வேறு கதை. தொடர் 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டு, பழைய டிவிகளின் 4:3 அளவில் (அகலம் 4, உயரம் 3) ஒளிபரப்பானது. பின்னர் நெகட்டிவிலிருந்தே மறுபடி ஸ்கேன் செய்து, இன்றைய அகலத் திரைக்கான 16:9 ஆக்கினார்கள். பக்கவாட்டில் முன்பு மறைந்திருந்தது தெரிகிறது. சில ஷாட்களில் மேலும் கீழும் கொஞ்சம் போய்விட்டது. கூட்டமாக நிற்கும் ஷாட்களுக்கு அகலப் படம் நல்லது. முகபாவத்தை நம்பியிருக்கும் குளோசப்களுக்குப் பழைய 4:3தான் இறுக்கம்.

பழைய PAL வகை டிவிடி (ஐரோப்பா, இந்தியா போன்ற நாடுகளின் தொலைக்காட்சி முறைக்கானது) வைத்திருப்பவர்கள் கவனிக்க: விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓட வேண்டியது அதில் 25 ஓடும். சுமார் 4 சதவீதம் வேகம். 22 நிமிடம் 21 நிமிடம் 7 விநாடியாகச் சுருங்கும். குரலும் லேசாக மேலேறும். டிவி செட்டிங்கைத் திருகிப் பயனில்லை, கோளாறு தட்டிலேயே இருக்கிறது.

கே: சிரிப்பொலி நிஜமா?

ப: அடிப்படை நிஜம். பார்வையாளர்கள் முன்னால்தான் எடுத்தார்கள். எடிட்டிங்கில் வெவ்வேறு டேக்குகளின் சிரிப்பைச் சேர்த்துச் சமன் செய்வார்கள்.

கே: சப்டைட்டில் போட்டுப் பார்க்கலாமா?

ப: முதல் தடவை போடுங்கள். இரண்டாம் தடவை அணைத்துவிடுங்கள். நடிகர் வாயைத் திறக்கும் முன்பே வரி முழுதும் திரையில் வந்துவிடுவதால், நாம் சிரித்து முடித்த பிறகுதான் அவர் அந்த வரியை முடிப்பார். சேண்ட்லராக நடித்த மேத்யூ பெரி மாதிரி கடைசிச் சொல்லை வைத்தே ஆடுபவருக்கு இது பெரிய நஷ்டம்.