ஆள் பார்க்காத விலை

கேள்வி: இணையக் கடையில் சாதாரண பிளாஸ்டிக் வாளிக்கு 25,999 ரூபாய் என்று விலை போட்டிருந்தார்களே, இந்தப் பேராசைக்காரர்களைக் கேட்பாரே இல்லையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கேட்க வேண்டும்தான். ஆனால், பேராசை என்று குற்றம் சாட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இப்படிப்பட்ட விலைகளில் பலவற்றைப் போட்டது ஆளே இல்லை.

2011இல் அமேசானில் நடந்ததைப் பாருங்கள். பீட்டர் லாரன்ஸ் எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’ என்ற உயிரியல் நூலின் பழைய பிரதி 35 டாலர் சொச்சத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்தபோது, புதிய பிரதிக்கு இரண்டு விற்பனையாளர்கள் 17 லட்சம் டாலருக்கு மேல் விலை காட்டினார்கள். பெர்க்லி உயிரியலாளர் மைக்கேல் ஐசன் அதை நாள்தோறும் கவனித்துச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஒருவருடைய மென்பொருள், போட்டியாளரின் விலையில் 0.9983 பங்கைத் தன் விலையாக வைத்தது. மற்றவருடையது, இவருடைய விலையை ஏறத்தாழ 1.27 மடங்காக்கியது. முன்னவர் சற்றே குறைத்து விற்க நினைத்தவர். பின்னவரிடம் நூலே இருந்திருக்காது, ஆர்டர் வந்தால் முன்னவரிடம் வாங்கி அனுப்பிவிட்டு வித்தியாசத்தை லாபமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருந்திருக்கலாம் என்பது ஐசனின் ஊகம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் பிழையில்லாத வியாபாரக் கணக்குகள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டபோது சுற்றுக்குச் சுற்று விலை கால் பங்குக்கு மேல் ஏறி, ஏப்ரல் 18 அன்று 2,36,98,655 டாலரைத் தொட்டது. மறுநாளே 106 டாலருக்கு இறங்கிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. சரக்குத் தீர்ந்தவுடன் பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், அதுவரை சேர்த்த மதிப்புரைகளும் தேடலில் பிடித்த இடமும் போய்விடும் என்று அஞ்சுகிற விற்பனையாளர், யாரும் வாங்கவே முடியாத விலையை வைத்துக் கடையைத் திறந்தே வைத்திருப்பார்.

நீங்கள் சொல்லும் வாளி 2022இல் அமேசான் இந்தியாவில் வந்தது. அதில் எனக்குக் கோபம் வருவது 25,999இல் அல்ல. பக்கத்திலேயே 35,900 என்று ஒரு விலையைக் கோடு போட்டு அடித்து, 28 சதவீதம் தள்ளுபடி என்று காட்டியிருந்தார்களே, அதில்தான். அந்த வாளியைப் பார்த்து ஊரே சிரித்தது, ஏமாறுகிறவர்கள் குறைவு. முந்நூறு ரூபாய் பெறுமானமுள்ள பையின் மேல் 999 என்று அச்சடித்து, அதை அடித்துவிட்டு 499க்குக் கொடுக்கும்போது ஒருவரும் சிரிப்பதில்லை. மகிழ்ச்சியோடு வாங்கிச் செல்கிறோம். அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக்கூடாது என்கிறது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. ஆனால், எந்தத் தொகையை அச்சிடலாம் என்பதைப் பெரும்பாலான பொருள்களில் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. தள்ளுபடி என்ற பெயரில் நடக்கும் இந்த மோசடியை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும், ‘போட்டி வந்தால் விலை தானாகச் சரியாகிவிடும்’ என்று பதில் எழுதுகிற பொருளாதார நண்பர்கள், போட்டியே விலையை இரண்டு கோடி டாலருக்கு மேல் கொண்டுபோன அந்த ஏப்ரலுக்கு விளக்கம் தர வேண்டும்.

மென்பொருளிடம் விலையை ஒப்படைத்தவர் அது போடும் விலைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நியாயமற்ற லாபத்துக்காக விலையைத் திரிக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. ஆகவே கேட்பார் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். திரைப்பிடிப்பை எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், வாளிக்காக அல்ல, அந்த 499 ரூபாய்ப் பைக்காக.