இரண்டு அடிகளுக்கு நடுவே

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்துவருகிறேன். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் பார்த்து வளராதவன் நான். நீங்கள் அவ்வப்போது கோல்ஃப் பற்றி எழுதுவதைப் படித்துவிட்டு, 2025 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். நம் நேரப்படி நள்ளிரவில் கடைசி ஜோடி கிளம்பியது. ஐந்தாவது ஹோலுக்குள் தூங்கிவிட்டேன். காலையில் யூடியூபில் பத்து நிமிடச் சுருக்கம் பார்த்தேன், எல்லாம் புரிந்துவிட்டது. அப்புறம் எந்தப் போட்டியானாலும் சுருக்கம் மட்டும்தான். இதற்குப் போய் எதற்கு ஐந்து மணி நேரம்?

மூன்று கேள்விகள். பணக்காரர்களின் ஆட்டத்தை நீங்கள் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? ரோரி மெக்கில்ராய் கடைசி ஹோலில் வெறும் ஐந்தடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ள முடியாமல் விட்டார். என் ஆறு வயது மகள்கூடப் போட்டுவிடுவாள். இவரையா மாபெரும் வீரர் என்கிறார்கள்? கடைசியாக, என்னைப் போன்ற புதியவர் எந்தப் போட்டியிலிருந்து தொடங்கலாம்?

கே.
கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு வழக்கமாக இரண்டு வரியில் தனிமடல் போட்டுவிடுவேன். ஆனால் ‘எல்லாம் புரிந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னை விடவில்லை. கொஞ்ச காலமாக நான் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயம் அது. நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

பணக்காரர்கள் விஷயத்தை விட்டுவிடுவோம். ஆடுவதற்குத்தான் பணம் வேண்டும், பார்ப்பதற்கு இல்லை. நீங்கள் கேலி செய்யும் மெக்கில்ராய், வட அயர்லாந்தில் ஹாலிவுட் என்கிற சிற்றூர்க்காரர். மகன் ஆட வேண்டும் என்பதற்காக அப்பா மதுக்கூடத்திலும் துப்புரவுப் பணியிலுமாக ஒரே நேரத்தில் பல வேலை பார்த்தார். அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் போனார். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஐந்தடிக்கு வருகிறேன். உங்கள் மகள் போட்டுவிடுவாள் என்று எழுதியபோது கை கூசவில்லையா? குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். உலகத்தின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். ஐந்தடியிலிருந்து நான்கில் ஏறக்குறைய ஒன்று தவறும். இது ஏதோ ஒரு போட்டியின் முதல் நாள், வியாழக்கிழமைக் காலைக்கான கணக்கு. ஏறக்குறைய பதினோரு வருடமாகப் பெரிய போட்டி எதையும் வெல்லாத ஒருவர், இதைப் போட்டால் முடிந்தது என்று குனிந்து நிற்கும்போது அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. பந்து நகரவில்லை. எதிரி யாரும் அதை வீசவில்லை. கிரிக்கெட்டில் யோசிக்க அரை விநாடி கிடைக்காது, அது ஒரு வகையில் கருணை. இங்கே யோசிக்க எவ்வளவோ நேரம் கிடைக்கிறது. அதுதான் தொல்லையே.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். பந்தை அடிக்கும் வீச்சு, ஒரு சுவிங், இரண்டு விநாடிகூட எடுக்காது. ஒரு சுற்றுக்கு எழுபது முறை அடிக்கிறார்கள் என்று வையுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டரை நிமிடம் தேறாது. மீதி நேரம் முழுக்க நடை. மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானத்தின் நீளம் அந்த ஆண்டு 7,555 கெஜம், கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர். அந்த ஏழு கிலோமீட்டரையும் வெட்டி எறிந்துவிட்டு இரண்டரை நிமிடத்தைத்தான் உங்கள் சுருக்கம் பத்து நிமிடமாக இழுத்துக் காட்டுகிறது. நீங்கள் பார்த்தது பந்தை. மனிதனைப் பார்க்கவில்லை.

நீங்கள் தூங்கிய அந்த இரவில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலையோடு, அதாவது மற்றவர்களைவிட இரண்டு முறை குறைவாக அடித்துத் தொடங்கிய மெக்கில்ராய் முதல் ஹோலிலேயே டபுள் போகி போட்டார். அந்த ஹோலுக்கு வகுத்த ‘பார்’ கணக்கைவிட இரண்டு ஸ்ட்ரோக் கூட. முன்னிலை அங்கேயே காலி. இரண்டாவது ஹோலில், ஜோடியாக ஆடிய பிரைசன் டிஷாம்போ தாண்டிப் போய்விட்டார். 2011இல் இதே மைதானத்தில், 21 வயதில், நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி 80 அடித்துச் சரிந்தவர் மெக்கில்ராய். பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது ஞாபகம் வந்தது. அவருக்கு வந்திருக்காதா? இரண்டாவது கிரீனிலிருந்து (குழி இருக்கும் புல்தரை) மூன்றாவது டீக்கு (அடுத்த ஹோல் தொடங்கும் இடம்) மெக்கில்ராய் நடந்த நடையை எந்தச் சுருக்கமும் காட்டாது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. மூன்றிலும் நான்கிலும் பர்டி, பாரைவிட ஒரு ஸ்ட்ரோக் குறைவு. பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்த டிஷாம்போவிடம் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இதை டிஷாம்போவே பிறகு சொன்னார், கொஞ்சம் வருத்தத்தோடுதான். எனக்கு அது திமிராகப் படவில்லை. தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவளை வழியில் நிறுத்தி ஊர்க்கதை பேசச் சொல்ல முடியுமா?

பதின்மூன்றாவது ஹோலில், கையில் நல்ல முன்னிலை இருக்கும்போது, சின்ன வெட்ஜ் அடியை நேராக ஓடைக்குள் போட்டார். வலது பக்கம் மட்டும் போகக் கூடாது என்கிற இடம். இடது பக்கம் பரந்து கிடக்கிறது. டபுள் போகி. அடுத்த ஹோலில் ஒரு போகி, பாரைவிட ஒன்று கூட. முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஜஸ்டின் ரோஸ் பத்து பர்டி போட்டு 66இல் முடித்தார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 2017இலும் அதே இடத்தில், சமனில் முடிந்தால் ஆடும் பிளேஆஃபில் தோற்றவர் அவர். பதினைந்தில் மெக்கில்ராய் மரங்களைச் சுற்றி வளைத்து அடித்த அடியை நீங்கள் சுருக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த அடிக்கு முன்பு, பதினான்காவது கிரீனை விட்டு வெளியே வந்த ஆளைப் பார்த்தீர்களா? நான் அந்த நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன். ஒரு மனிதன் இவ்வளவு பேர் முன்னால் இப்படிப் பிய்ந்து போவதைப் பார்க்க நமக்கு உரிமை உண்டா என்றே தோன்றியது. அப்படித் தோன்றாமல் அவருடைய பதினைந்தாவது ஹோல் பர்டியைப் பார்த்தால் அது வெறும் வித்தை.

பதினேழில் இன்னொரு பர்டி. பதினெட்டில் பார் போதும். இரண்டாவது அடி பங்கர் என்கிற மணல் குழிக்குள் போனது. அங்கிருந்து எடுத்து வைத்தது உங்கள் ஐந்தடி. தவறியது. ரோஸோடு சமம். கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிளேஆஃபுக்காக மறுபடி பதினெட்டாவது டீக்குக் கொண்டுபோகும் வண்டியை நோக்கி நடக்கும்போது அவருடைய பையைத் தூக்கும் கேடி ஹாரி டயமண்ட் அவரிடம் ஒன்று சொன்னார். ‘இந்த நிலைமையைத் திங்கட்கிழமை காலை யாராவது கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்போமே’ என்கிற மாதிரி. சின்ன வயதிலிருந்து கூட ஆடிய நண்பர் அவர். இவரை மாற்று, அனுபவமுள்ள கேடியை வை என்று எத்தனை நிபுணர்கள் எழுதினார்கள்! அந்த ஒரு வாக்கியம்தான் தன்னை நிமிர்த்தியது என்று மெக்கில்ராய் பிறகு சொன்னார். அதே ஹோல், ஏறக்குறைய அதே தூரம். இந்த முறை பந்து சரிவில் உருண்டு குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. போட்டார், முழங்காலில் விழுந்து அழுதார். நான்கு பெரிய போட்டிகளையும் வென்ற ஆறாவது மனிதர். அந்தச் சாதனை முடிந்தது இரண்டு அடிகளுக்கு நடுவே சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தால் என்று நான் நம்புகிறேன்.

இப்படிப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமா. பள்ளிக்கூட நாட்களில் கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கியவர். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போகிற பையனுக்குத் துரையின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும் என்பார். தோள் காது வரைக்கும் ஏறியிருந்தால் அடுத்த பந்து வலது பக்கம் புதருக்குள் போகும், முன்கூட்டியே அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாராம். பந்தைத் தேடித் தருகிற பையனுக்குக் கூடுதலாக ஏதாவது கிடைக்கும். பின்னால் வத்தலக்குண்டில் கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கிளப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார். பழைய நாட்களைப் பற்றி அவராகப் பேசியதும் குறைவு.

2009 ஜூலையில் பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாளை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். ஸ்காட்லாந்தில் டர்ன்பெரி. டாம் வாட்சனுக்கு அப்போது 59 வயது. இடுப்பு எலும்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1977இல் இதே டர்ன்பெரியில் ஜாக் நிக்லாஸை ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வென்றவர். 32 வருடம் கழித்து, கடைசி ஹோலில் பார் எடுத்தால் ஆறாவது ஓப்பன். நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என் முழங்காலில் தட்டினார்: “அடிக்கிறதப் பாக்காதடா. அடிச்சுப்புட்டு எப்பிடி நடக்குறாருன்னு பாரு.”

எட்டாம் நம்பர் அயர்ன் மட்டையில் அடித்த பந்து கிரீனில் விழுந்து, நிற்காமல் பின்பக்கம் ஓடிவிட்டது. நல்ல அடி. அதைவிட நன்றாக அடிக்க முடியாது. அங்கிருந்து தள்ளியது எட்டடி தாண்டிப் போனது. அந்த எட்டடி விழவில்லை. ஸ்டீவர்ட் சிங்க்கோடு நான்கு ஹோல் பிளேஆஃப். முதல் ஹோலுக்கு நடக்கும்போதே மாமா சொன்னார்: “கால் போச்சுடா. அம்புட்டுதான்.” கணக்குச் சீட்டில் இன்னும் இருவரும் சமம். ஒரு பந்துகூட அடிக்கவில்லை. வாட்சன் ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் தோற்றார். செய்தியாளர்கள் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இது ஒன்றும் சாவு வீடு இல்லையே என்றார். மாமா அதற்குள் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் கடை திறக்கிற வரைக்கும் யாரோடும் பேசவில்லை.

அதனால்தான் கேலி வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. 1999 பிரிட்டிஷ் ஓப்பனில், ஸ்காட்லாந்தின் கர்னூஸ்டியில் ழான் வான் டி வெல்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி ஹோலுக்கு வந்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுக் கால்சட்டையை மடித்துக்கொண்டு ஓடைக்குள் நிற்கும் அந்தக் காட்சி இன்னமும் சுற்றுகிறது. சிரிக்கிறார்கள். அவருடைய இரண்டாவது அடி பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு, ஓடைக்கரைக் கல்லில் மோதி, பின்னாலேயே திரும்பி வந்து அடர்ந்த புல்லுக்குள் விழுந்தது. அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஏழு அடித்தார் அந்த ஹோலில். ஏழாவது அடியாக, எல்லாம் கைவிட்டுப் போன பிறகு, கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் போட்டுப் பிளேஆஃபில் நுழைந்தார். அதைப் போட்ட நெஞ்சு எப்பேர்ப்பட்ட நெஞ்சு! வென்றது பால் லாரி. சுருக்கம் பார்க்கிறவர்களுக்கு மிஞ்சியது ஒரு கோமாளி. இதைச் செய்வது ஆட்டம் இல்லை, கே. வெட்டி ஒட்டுகிறவர்களும், அதைப் பார்த்துவிட்டு எல்லாம் புரிந்தது என்கிறவர்களும்தான்.

உங்கள் மூன்றாவது கேள்வி. மாஸ்டர்ஸ் வேண்டாம், விடிய விடிய விழிக்க வேண்டும், நீங்கள் மறுபடி தூங்குவீர்கள். ஜூலையில் ஓப்பன் பாருங்கள். ஞாயிறு இரவு பதினொன்றரைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். விதிமுறை எதுவும் படிக்க வேண்டாம், குறைந்த அடியில் முடிப்பவர் வென்றார், அவ்வளவுதான். முன்னிலையில் இருக்கும் கடைசி ஜோடியில் ஒருவரை எடுத்துக்கொண்டு முதல் டீயிலிருந்து அவரைக் கேமரா காட்டும்போதெல்லாம் பாருங்கள். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். மகளையும் கூட உட்காரவையுங்கள், தூக்கம் வரும்வரை அவள் பார்க்கட்டும். பார்த்து முடித்துவிட்டு அந்த ஐந்தடி பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.