முதலில் நாற்காலியை நகர்த்துங்கள்

கேள்வி: சார், வீட்டில் பாட்டுக் கேட்கும் அறையில் நான் உட்காரும் இடத்தில் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்து கேட்கிறது. மூலைக்குப் போனால் இடிக்கிறது. ஆம்ப்ளிஃபயர் போதவில்லையா?

பதில்: ஆம்ப்ளிஃபயர் மேல் பழி போடாதீர்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பி நிலையலை (நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் அலை) உண்டாகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அறை நீளம் 4 மீட்டர் என்றால் 343-ஐ அதன் இருமடங்கான 8-ஆல் வகுங்கள்: சுமார் 43 ஹெர்ட்ஸ். அந்த ஒலி சுவரோரம் வீங்கும், நடு அறையில் காணாமல் போகும். உங்கள் நாற்காலி நடுவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பேஸ் கிதார் தெளிவாக உள்ள ஒரு பாட்டைப் போட்டு, நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கேளுங்கள். ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் நல்ல தொடக்கம். எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். பேஸைத் தொடவே தொடாது, எளிதில் தீப்பிடிக்கும்.

கேள்வி: ஒலி உறிஞ்சும் பேனலைச் சுவரில் எந்த இடத்தில் மாட்டுவது?

பதில்: நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு கண்ணாடியை மெல்ல நகர்த்தட்டும். ஸ்பீக்கரின் ட்வீட்டர் (மேல்சுரம் தரும் சிறு பகுதி) கண்ணாடியில் உங்களுக்குத் தெரிகிற இடம்தான் முதல் எதிரொலி வரும் இடம். அங்கே 10 சென்டிமீட்டர் தடிமனில் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பேனல், பின்னால் கொஞ்சம் இடைவெளி. மெல்லிய ஃபோம் வேண்டாம்; அது மேல்சுரத்தை மட்டும் விழுங்கி அறையை மந்தமாக்கிவிடும்.

கேள்வி: பாடகர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கவில்லை, பேஸும் இல்லை.

பதில்: ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். வயரைப் பாருங்கள்.

கேள்வி: முட்டை அட்டையை இரண்டு அடுக்காக ஒட்டினால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கேள்வி: கார் ஸ்பீக்கருக்கு எது நல்லது?

பதில்: அது என் துறை இல்லை. கார் ஆடியோ செய்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: இவ்வளவு தள்ளுமுள்ளு எதற்கு சார்? ஆப்பில் அளந்து ஈக்வலைசர் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்குவது) போட்டால் முடிந்தது. எனக்கு 86 ஹெர்ட்ஸில் ஒலி குறையும் ஒரு பள்ளம், 10 டெசிபெல் ஏற்றிவிட்டேன்.

பதில்: ஏற்றினீர்கள், நிரம்பியதா? உங்கள் ஸ்பீக்கரின் முகப்பு அதன் பின்னால் உள்ள சுவரிலிருந்து 1 மீட்டரில் இருக்கும், சரியா? சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அரை அலைநீளம் தாமதமாக வந்து நேர் ஒலியை அழிக்கிறது. நேர் ஒலியை ஏற்றினால் திரும்பும் ஒலியும் அதே அளவு ஏறும். பள்ளம் அப்படியே நிற்கும். 10 டெசிபெல் என்றால் ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு சக்தி தர வேண்டும். பேஸ் தரும் வூஃபர்தான் திணறும்.

கேள்வி: 1 மீட்டர்தான். கொஞ்சம் நிரம்பியது போல இருக்கிறதே? அப்படியானால் ஈக்வலைசரே வேண்டாமா?

பதில்: பக்கத்து அதிர்வெண்களும் சேர்ந்து ஏறியதால் அப்படித் தோன்றுகிறது. ஈக்வலைசர் வேண்டும், ஆனால் மேட்டை வெட்ட. வீங்கிய 43 ஹெர்ட்ஸை இறக்க அது அருமையான கருவி. பள்ளத்துக்கு ஸ்பீக்கரைச் சுவர்ப் பக்கம் தள்ளுங்கள். முகப்பு 60 சென்டிமீட்டருக்கு வந்தால் பள்ளம் 143 ஹெர்ட்ஸுக்கு ஏறும். அந்த அதிர்வெண்ணில் தடிமனான பேனல் உதவும். தள்ளிவிட்டு, ஈக்வலைசரை அணைத்து, மறுபடி அளந்து வரைபடத்தைப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.