மருத்துவ ஆய்வு தொடங்குபவருக்குப் பயன்படும் இணையதளங்கள் எவை?

பினாங்கில் முதுநிலை ஆய்வு தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: கூகுளில் தேடினால் குப்பை வருகிறது, நல்லதாக வந்தால் காசு கேட்கிறது, எந்தத் தளங்களைப் பார்ப்பது?

நானும் பினாங்கில்தான், ஓர் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். என்னிடம் இருபது தளங்கள் கொண்ட பட்டியல் உண்டு. அதைத் தரப்போவதில்லை. முதல் வருடம் முழுக்கப் பட்டியல் சேர்த்தேன், சேர்த்ததுதான் மிச்சம். பப்மெட் ஒன்றில் ஒழுங்காகத் தேடக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தளம் அது. 1997 முதல் எல்லோருக்கும் இலவசம், 3.7 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளின் பதிவுகள் இருக்கின்றன. இத்தனை இருந்தும் தேடியது அகப்படவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு நாம் போடும் சொல்லில்தான்.

நிப்பா வைரஸையே எடுத்துக்கொள்வோம். 1998இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் நோயில் விழ ஆரம்பித்தபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகும் உடனே பெயர் நிலைக்கவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் ஏப்ரல் 9 அன்று வந்த அறிக்கையின் தலைப்பில் ‘ஹெண்ட்ரா போன்ற வைரஸ்’ என்றிருக்கும். அதே மாதம் 30ஆம் தேதி வந்த அறிக்கையின் தலைப்பில்தான் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் ஏறியது. தலைப்பில் நிப்பா என்று மட்டும் தேடுகிறவருக்கு அந்த முதல் அறிக்கையே தப்பிவிடும்.

இதற்காகத்தான் மெஷ் என்ற தலைப்புச்சொல் அகராதி இருக்கிறது. கட்டுரை எழுதியவர் ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுதினாலும் நூலகம் அதை ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற தலைப்பின் கீழ் கொண்டுவந்து வைத்துவிடும். ஆனால் புதிதாக வந்த கட்டுரைக்கு இன்னும் மெஷ் ஏறாமல் இருக்கலாம். அதனால் மெஷ் சொல்லையும் சாதாரணச் சொல்லையும் நடுவில் ‘ஆர்’ (OR) போட்டுச் சேர்த்தே தேடுங்கள். இன்னொன்று, மேற்கோள் குறி போட்டால் பப்மெட் தானாக இணைச்சொல் தேடுவது நின்றுவிடும். நான் மூன்று மாதம் எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிவிட்டு, “இந்தத் தலைப்பில் யாருமே எழுதவில்லை, சார்” என்று பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் குறியை மட்டும் அழித்துவிட்டு எண்டரைத் தட்டினார். அன்றைக்கு மத்தியானம் நாசி கண்டார் இறங்கவில்லை.

சரி, கிடைத்த கட்டுரை உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட லான்செட் கட்டுரை 1998இல் வந்தது, திரும்பப் பெறப்பட்டதோ 2010இல்தான். சொட்டெரோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் கட்டுரைகளைச் சேர்த்து வையுங்கள். அவற்றை, திரும்பப் பெற்ற கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவோடு ஒப்பிட்டு அதுவே எச்சரிக்கும்.

உள்ளூர் விஷயம்: சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ தரவு எடுப்பதாக இருந்தால் என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் தளத்தில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்கியாக வேண்டும். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலேசியாவின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் நாட்டு நோயாளிகளைப் பற்றிய பழைய கட்டுரைகளுக்கு நான் முதலில் அங்கேதான் போவேன்.

காசு கேட்கும் கட்டுரைகளுக்கு முதலில் பப்மெட் சென்ட்ரலைப் பாருங்கள், அங்கே இருப்பவை இலவச முழுக் கட்டுரைகள். அன்பேவால் நீட்சியை உலாவியில் போட்டுவைத்தால், சட்டப்படி இலவசப் பிரதி எங்காவது இருக்கும்போது பச்சைப் பூட்டு காட்டும். அதுவும் இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கே நாலு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம். நான் அப்படி எழுதிய முதல் மின்னஞ்சலுக்கு ஜப்பானிலிருந்து மறுநாளே பதில் வந்தது. கட்டுரையோடு, அதில் இடம்பெறாத இரண்டு அட்டவணைகளையும் அந்தப் பேராசிரியர் இணைத்திருந்தார்.