இருப்பாய்வு சரியாக வந்தால் போதுமா?

கேள்வி: கணிதத்தில் நான் சுமார்தான். ஆனால் அக்கவுன்டிங் படிக்க ஆசை. கணக்கையெல்லாம் மென்பொருளே போட்டுவிடும் காலத்தில், இந்த வேலைக்கு என்ன மாதிரியான சிந்தனைத் திறன் தேவை?

பதில்: கூட்டல், கழித்தல், சதவீதம், விகிதம் தடுமாறாமல் வந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். வேண்டியது வேறு.

எல்லாக் கணக்குகளின் பற்று (debit), வரவு (credit) மொத்தங்களும் சமமாக வருகின்றனவா என்று பார்க்கும் பட்டியல்தான் இருப்பாய்வு (trial balance). அதில் 900 இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவர் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கூட்டுவார். தேர்ந்தவர் முதலில் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பார். அது 9-ஆல் வகுபடுகிறது. பேரேட்டில் (ledger) 5,400 என்பதை யாரோ 4,500 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். இல்லையென்றால் பாதியாக்கி, 450 எங்கேனும் பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று தேடுவார். பிழை எந்த வழியாக வந்திருக்கும் என்று ஊகித்துத் தேடுவது முதல் திறன்.

மென்பொருள் வந்தபின் இந்த வகைப் பிழைகள் குறைந்துவிட்டன. இரு பக்கமும் ஒத்துப்போகாத பதிவை அது ஏற்காது. ஒத்துப்போகிற தவறைத்தான் அது கண்டுகொள்வதில்லை. இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவை, செலவாக எழுதாமல் இயந்திரம் என்ற சொத்தின் கணக்கிலேயே ஏற்றிவிட்டால் இருப்பாய்வு அழகாகச் சரியாகிவிடும். லாபமும் கூடும், சொத்தும் கூடும். இரண்டுமே பொய். அது வெறும் பராமரிப்பா, இயந்திரத்தின் ஆயுளைக் கூட்டிய வேலையா என்று முடிவு செய்ய இன்வாய்ஸைப் பார்த்தால் மட்டும் போதாது. வேலை செய்தவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2002-இல் அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனத்தில் வெளிப்பட்ட மோசடியின் மையமே இதுதான். பிற தொலைபேசி நிறுவனங்களின் லைன்களைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தைச் செலவில் காட்டாமல் சொத்தாக எழுதியிருந்தார்கள். முதலில் வெளியான தொகையே சுமார் 380 கோடி டாலர். தோண்டி எடுத்தது சிந்தியா கூப்பர் தலைமையில் அந்த நிறுவனத்துக்குள்ளேயே கணக்குகளைச் சரிபார்த்த உள்தணிக்கைக் குழு. மேலிடத்தின் சமாதானங்களை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆதாரம் கைக்கு வரும்வரை நம்பாமல் இருப்பதும், அதை முகம் சுளிக்காமல் கேட்பதும் தணிக்கைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். சந்தேகப்பிராணியாக வேண்டும் என்று சொல்லவில்லை!

எக்செல், வரிச் சட்டம், கணக்கியல் தரநிலைகள் எல்லாம் படித்தால் வந்துவிடும். கணக்குத் தெரியாத மேலாளருக்கு, 'லாபம் வந்திருக்கிறது, ஆனால் கையில் பணமில்லை' என்பதைப் புரியவைப்பதுதான் பலருக்கும் வராது. கடனுக்கு விற்றால் விற்ற அன்றே வருமானம் பதிவாகிவிடும், பணம் பிறகுதான் வரும். இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள்.

உங்களுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். நிகர லாபத்தையும், தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெரிய இடைவெளி இருந்தால் காரணத்தை அறிக்கையில் கணக்குகளோடு வரும் குறிப்புகளில் தேடுங்கள். நேரம் போவது தெரியாமல் தேடினீர்கள் என்றால், கணித மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் விண்ணப்பியுங்கள்.