கேன்சர் வந்த வீட்டுக்காரர்கூட நடக்கும்போது மூச்சு வாங்குனா பயப்படணுமா?

முக்கூடல் பக்கத்துல பீடி சுத்துற ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "எங்க வீட்டு ஆளுக்கு நுரையீரல்ல கேன்சர், வயசு 61, ரெண்டு கீமோ முடிஞ்சுட்டு. டாக்டர் நடக்கச் சொன்னாவ. சாயங்காலம் நானும் கூட நடக்கேன், கொஞ்ச தூரத்துலயே அவுகளுக்கு இளைக்கு, பயமா இருக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல பழக்கமான ஒருத்தரு 'நுரையீரல் எக்ஸர்சைஸ் பேக்கேஜ்' இருக்கு, வீட்டுக்கே வருவோம், மூணு மாசப் பணத்த முன்னாடியே கட்டுங்கன்னு சொல்லுதாரு. கட்டலாமா?"

கட்டாதீங்க அக்கா. அந்தாளப் பத்தி பின்னால வாரேன்.

நடந்தா கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும், அதுக்காகப் பயப்பட வேண்டாம். நடக்கும்போதே அவர்கிட்ட பேச்சுக் குடுங்க, ரேஷன்ல பருப்பு போட்டாச்சான்னு கேளுங்க. முழுசா ஒரு வாக்கியம் பதில் வந்தா தாராளமா நடக்கலாம், ரெண்டு வார்த்தைக்கு ஒருக்க மூச்சு இழுத்தா நின்னுரணும். நின்னதும் குனிஞ்சு முழங்கால்ல கைய ஊணச் சொல்லுங்க, இல்ல திண்ணை கிடந்தா உக்கார வையுங்க, மூக்கால இழுத்து, விசில் அடிக்கப் போற மாதிரி உதட்டக் குவிச்சு, இழுத்த நேரத்தப்போல ரெண்டு மடங்கு நேரம் மெதுவா விடணும். இத வீட்டுல சும்மா உக்காந்திருக்கும்போதே பழக்கிருங்க, மூச்சு முட்டுற நேரத்துல புதுசா படிக்க முடியாது. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டுற, விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் இருந்தா, அது 90க்கு கீழ போனா நடைய நிறுத்தணும் (உங்க டாக்டர் வேற நம்பர் சொல்லியிருந்தா அதுதான் கணக்கு), விரல் ஜில்லுன்னு இருந்தா தப்பா காட்டும், தேய்ச்சு சூடாக்கிட்டு மாட்டுங்க.

இப்ப உங்களுக்கு. கூட நடக்குற பொண்டாட்டிமாருங்க முக்காவாசிப்பேரு முன்னால போயிருதாங்க. வீட்டுல பீடித் தட்டு கிடக்கு, நாளைக்கு கடையில கணக்கு குடுக்கணும், கால் தன்னால வேகம் எடுக்கும், அவரு உங்களுக்கு ஈடு குடுக்கப் பாத்து இளைச்சுப் போறாரு, வாயத் திறந்து சொல்லவும் மாட்டாரு. அரை அடி பின்னாலயே நடங்க. அஞ்சு நிமிஷம் நடை, உக்காரு, மறுபடி அஞ்சு நிமிஷம், போதும். வாரக்கணக்குல ஏத்தி ஏத்தி அரை மணி நேரத்துக்கு கொண்டு வரலாம், வாரத்துல மூணு நாளாவது. கீமோ போட்ட முதல் சில நாள் பாதியா குறைச்சுக்கோங்க, ஆனா அடியோட படுக்கப் போட்டுராதீங்க. வீட்டுக்குள்ள எதிரெதிரா நாற்காலி போட்டு ரெண்டுபேருமா எந்திரிச்சு உக்காருங்க, எந்திரிக்கும்போது மூச்ச வெளிய விடணும். நாள் முழுக்க சம்மணம் போட்டு இலை சுத்துற உங்க இடுப்புக்கும் இது நல்லது. ஒண்ணு, பீடித்தூள் கிடக்குற அறையில அவர மூச்சுப்பயிற்சி பண்ண விடாதீங்க, முற்றத்துல வச்சுக்கோங்க.

காய்ச்சல் 100.4 தொட்டா அன்னைக்கு நடை கிடையாது, நேரா ஆஸ்பத்திரி, ராத்திரின்னாலும்.

அவருக்கு முதுகுவலி வந்தா அதுதான் எனக்கு பெரிய கவலை, அத விளக்கமாவே சொல்லுதேன். நுரையீரல் கேன்சர் எலும்புக்குப் பரவலாம், முதுகுத்தண்டு, இடுப்பு, தொடை எலும்புன்னு. அப்படி இருந்தா எலும்பு உள்ளுக்குள்ள பலமில்லாம இருக்கும், வெயிட் தூக்குறது, உடம்ப முறுக்கித் திருப்புறது, வேகமா குனியுறது எதுவும் ஆகாது. ஆனா நம்ம ஊருல முதுகு வலிக்குன்னு சொன்னா என்ன பண்ணுவாங்க, எண்ணெய் தேய்ச்சு நீவி விடுவாங்க, இல்ல சீசன் நேரம்னா குற்றாலத்துக்கு கூட்டிட்டுப் போயி அருவிக்கு அடியில முதுகக் காட்டி நிக்க வைப்பாங்க. தயவுசெஞ்சு வேண்டாம், அந்த அடியில எலும்பு ஒடியலாம். புதுசா முதுகுவலி வந்து ராத்திரி படுத்தா அதிகமாச்சுன்னா அடுத்த கீமோ தேதி வரைக்கும் காத்திருக்காம டாக்டரப் பாருங்க. அதோட கால் மரத்துப்போச்சு, நடை தள்ளாடுது, ஒண்ணுக்கு போக முடியலன்னா ஒரு நாள்கூட தள்ளாதீங்க, தண்டுவடம் நசுங்குறதா இருக்கலாம், அன்னைக்கே போகணும், தாமதமானா நடை திரும்பாமலே போயிரலாம்.

இனி அந்தப் பேக்கேஜ் ஆளு. இந்த மாதிரி ஆளுங்க பெரும்பாலும் மூணு பந்து போட்ட ஸ்பைரோமீட்டர்ங்கிற மூச்சுப்பயிற்சிச் சாமான் ஒண்ண கையில குடுத்து ஊதச் சொல்லுவாங்க, அது ஊதுற சாமானே இல்ல, இழுக்குற சாமான், மருந்துக் கடையில சில நூறு ரூபாதான். அப்புறம் ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுங்கம்பாங்க, டாக்டர் எழுதிக் குடுக்காம அத வீட்டுக்குள்ள விடாதீங்க. வாரவரு பிசியோதெரபி படிச்சவரான்னு கேட்டுப் பாருங்க, பேச்ச மாத்துவாரு. இவங்க வளந்ததுக்கு ஆஸ்பத்திரியில இருக்குற நாங்களும்தான் காரணம். டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரை வரிசையா இருக்கும், நடைக்கு ஒரு வரி இருக்காது, ஓ.பி.யில 'நடங்க'ன்னு ஒத்தச் சொல்லு, எவ்வளவு எப்படின்னு சொல்ல ஆளும் கிடையாது நேரமும் கிடையாது, அந்த இடைவெளியிலதான் வாசல்ல நிக்கவன் கடை விரிக்கான்.

2021லேர்ந்து தமிழ்நாடு அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கு, அதுல பிசியோதெரபியும் வலி நிவாரண கவனிப்பும் வீட்டுக்கே வந்து இலவசமா குடுக்கணும். உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரப் பதிஞ்சு வையுங்க. உடனே வந்துருவாங்கன்னு சொல்ல மாட்டேன், அலைய விடத்தான் செய்வாங்க, விடாம கேளுங்க. அதுக்கு முன்னால, அடுத்த கீமோவுக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்ட டாக்டர் முன்னால விரிச்சு வச்சு "எலும்புல ஏதும் இருக்கா, எதத் தூக்கக் கூடாது?"ன்னு நேரடியா கேட்டு, பதில அந்தச் சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க.